இராவணன் வெட்டு: கோணேசர் மலையை முழுதாகப் பார்த்துவர ஒரு வழிகாட்டி

திருகோணமலைக்கு வருகிறவர்கள் பலர், கோணேசர் கோயில் மலையில் கடலை நோக்கி இறங்கும் பாறைப் பிளவான இராவணன் வெட்டை இரண்டு நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று திரும்பிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓரிடத்தில் நின்று முழுதாகப் பார்க்கக்கூடிய பிளவு இல்லை அது. மலை விளிம்பில் நின்றால் அதன் வாய் தெரியும். கடலில் இருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அது எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பது புரியும். கதையும் அப்படியே. தொடங்குவது மலையில், முடிவது கன்னியா வெந்நீரூற்றில். வரிசை மாறினால் பாறையும் புரியாது, கதையும் ஒட்டாது. அந்த வரிசையைத்தான் கீழே தருகிறேன். ஒரு முழு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள், படகும் வேண்டும் என்றால் மறுநாள் காலையையும்.

1. மாதத்தையும் நாளையும் தெரிவு செய்தல்

மலையை எந்த மாதத்திலும் பார்க்கலாம். மாதத்தை முடிவு செய்வது கடல்தான்.

மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் கடல் அடங்கிக் கிடக்கும், படகில் போய்ப் பார்க்கலாம். ஆனால் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அனலாக வீசும், பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கிவிடும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். அப்போது படகை மறந்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, வெட்டுக்குள் அலை புகுந்து முழங்குவதைக் கேட்க அதைவிட நல்ல காலம் கிடையாது. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும் என்றால் மார்ச் மாதத்தைச் சொல்வேன். வெயில் இன்னும் ஏறியிருக்காது, கடலும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும்.

நாளைப் பொறுத்தவரை வெள்ளிக்கிழமை, போயா (பௌர்ணமி) விடுமுறை, பள்ளி விடுமுறை வாரங்கள் மூன்றையும் தவிர்த்தால் நல்லது. போயா நாளில் தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வருவார்கள். விளிம்பில் கம்பியைப் பிடித்து நிற்கவே இடம் கிடைக்காது. சிவராத்திரியும் பங்குனித் திருவிழாவும் வேறு கணக்கு: அப்போது வருவது திருவிழாவுக்காக. பாறையை நிதானமாகப் பார்க்க இன்னொரு தடவை வாருங்கள்.

2. கொண்டுபோக வேண்டியவை

தோளும் முழங்காலும் மறையும் உடை. போவது பாறையைப் பார்க்கத்தானே என்று அரைக்காற்சட்டையோடு வந்து, வாசலில் வேட்டிக்கும் துண்டுக்கும் அலைகிறவர்களை அடிக்கடி பார்க்கலாம். இராவணன் வெட்டு இருப்பது கோயில் வளாகத்துக்குள். கோயிலுக்கான ஒழுங்கு அதற்கும் பொருந்தும்.

சில்லறை நோட்டுகள் வேண்டும். செருப்பு வைக்க, அர்ச்சனைத் தட்டு வாங்க, கன்னியாவில் நுழைவுச்சீட்டு எடுக்க என்று எல்லாமே சின்னச் சின்னச் செலவுகள். காலை ஏழு மணிக்கு 5000 ரூபா நோட்டை நீட்டினால் பூக்கடை அம்மா என்ன செய்வார்?

அடையாள அட்டை, வெளிநாட்டில் இருந்து வந்தால் கடவுச்சீட்டு. மலை இருப்பது பிரெட்ரிக் கோட்டைக்குள், கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது. எப்போதும் கேட்கமாட்டார்கள். கேட்கும் நாளில் இல்லையென்றால் திரும்ப வேண்டியதுதான்.

தண்ணீர்ப் போத்தல், தலைக்குத் துணி, இருந்தால் ஒரு தொலைநோக்கி, கன்னியாவுக்கு மாற்றுடுப்பு ஒரு சோடி. டிரோன் கமராவை வீட்டிலேயே விட்டு வாருங்கள். இலங்கையில் அதைப் பறக்கவிட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், முகாமுக்கு மேலே பறக்கவிடும் யோசனையே வேண்டாம்.

முதல் நாள் இரவே நகரத்துக்கு வந்துவிடுவது உத்தமம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீட்டர். காலையில் புறப்பட்டால் வந்து சேரும்போது உச்சி வெயிலாகிவிடும், நாளின் நல்ல பாதி வழியிலேயே போய்விடும். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து இரவு ரயிலில் வருவதென்றால் ஓடும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

3. கதையைத் தெரிந்துகொண்டு ஏறுதல்

இதைப் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். கதை தெரியாமல் பார்த்தால் அது பாறையில் ஒரு விரிசல், அவ்வளவுதான். மலைக்கு மேலே போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். அங்கே காற்றின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது.

இங்கே அதிகமாகச் சொல்லப்படும் கதை இது. இராவணனின் தாய் கைகேசி பெரிய சிவபக்தை. நாள்தோறும் கோணேசரை வழிபட்டு வந்தவள், மூப்பினால் நடக்க முடியாமல் போனாள். தாயின் மனக்குறையைத் தீர்க்க, மலையையே பெயர்த்துக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்துவிடலாம் என்று புறப்பட்டான் மகன். வாளால் பாறையை வெட்டினான், தோள் கொடுத்து அசைத்தான். சிவன் மலையை நடுங்கச் செய்ய, இராவணன் வேலையைக் கைவிட்டான். வெட்டு மட்டும் நின்றுவிட்டது.

மகன் இறந்துவிட்டான் என்ற பொய்ச்செய்தி தாயை எட்டியதும், அந்தத் துயரத்தில் அவள் உயிர் போயிற்று என்று கதை தொடரும். விஷ்ணு ஒரு முதிய பிராமணராக வந்து, "தாய்க்குச் செய்ய வேண்டிய கிரியையைச் செய்" என்கிறார். அதற்கான நீருக்காக நிலத்தில் ஏழு இடங்களில் குத்த, ஏழு ஊற்றுகள் பொங்கின. அதுதான் கன்னியா.

சொல்கிறவரைப் பொறுத்துக் கதை மாறும். கோபத்தில் வெட்டினான் என்பார் ஒருவர். மலை நடுங்கியபோது கைதவறி விழுந்த வாள் பட்டுப் பிளந்தது என்பார் இன்னொருவர். ஊற்றுகளைக் குத்தியது விஷ்ணு என்பாரும் உண்டு, இராவணனே வாளால் குத்தினான் என்பாரும் உண்டு. நடுவில் புகுந்து "அப்படியில்லையே, நான் வேறு மாதிரிக் கேள்விப்பட்டேனே" என்று திருத்தப் போகாதீர்கள். அதோடு சொல்கிறவர் வாயை மூடிக்கொள்வார். "வெட்டு எப்படி வந்தது அம்மா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பூக்கடைகளிலும் செருப்பு வைக்கும் இடத்திலும் கேட்டால் வழிகாட்டிகள் சொல்லாத சங்கதிகள் வரும். வழிகாட்டிகள் எல்லோருக்கும் ஒரே ஒப்புவிப்பு வைத்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இராமாயணத்தில் வில்லனாகத் தெரிந்த இராவணன் இந்த மலையில் தாய்க்காக உருகிய மகன், சிவபக்தன். அவனுக்கு இங்கே சிலையே இருக்கிறது. அதைப் பார்த்துச் சிரித்துப் பேசுவது அருகில் நிற்பவர்களைப் புண்படுத்தும்.

4. கோட்டை வாசலில் நின்று பார்த்தல்

நகரத்திலிருந்து ஓட்டோவில் நேரே மலையுச்சிவரை போய்விடலாம். போகாதீர்கள். கோட்டை வாசலில் இறங்கி நடவுங்கள். கோயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் ஏற்றம், காலையில் போனால் மூச்சு வாங்காது. ஓட்டோவில் போனால் வாசல் கல்லைத் தவறவிடுவீர்கள்.

வாசல் நிலையின் கல்லில் இரண்டு மீன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, பாண்டியர் சின்னம். கூடவே தேய்ந்து உடைந்த தமிழ் எழுத்துகள். குளக்கோட்டன் என்ற மன்னன் முன்பு செய்த கோயில் திருப்பணியைப் பின்னால் பறங்கி (போர்த்துக்கேயன்) அழிப்பான் என்று முன்னறிவிக்கும் பாடலின் தொடக்கம் அது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோயிலை இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள், அப்படித்தான் அந்தக் கல் வாசலுக்கு வந்தது. மிச்சப் பாடல் மக்கள் வாயில் இருக்கிறது. பறங்கிக்குப் பின் பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் ஆள்வார்கள் என்று போகும். யார் யாரைக் குறிக்கிறது என்பதில் ஆளுக்கொரு விளக்கம். மேலே எந்தக் கதையைக் கேட்டாலும் குளக்கோட்டன் பெயர் வந்துவிடும், அதனால் இந்தக் கல்லில் தொடங்குவதே சரி.

எழுத்துகளை நேர் வெயிலில் தேடினால் தெரியாது. சற்று ஒதுங்கிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள், செதுக்கிய பள்ளத்தின் நிழலில் எழுத்து எழும்பும். படம் எடுக்குமுன் காவலில் நிற்கும் சிப்பாயிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முகாம் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம்.

வழியில் புள்ளிமான்கள் ஆடு மாதிரிச் சாவகாசமாக நிற்கும். கையிலுள்ள பொலித்தீன் பையோடு பழத்தை நீட்டாதீர்கள், பையையும் சேர்த்து மென்றுவிடும்.

5. முதலில் சன்னிதி, பிறகு விளிம்பு

பெரிய சிவன் சிலைக்குக் கிட்டப் போகுமுன்பே செருப்பைக் கழற்றும் இடம் வந்துவிடும். அங்கிருந்து எல்லாம் வெறுங்கால் நடைதான், வெட்டும் உட்பட.

இங்கே எல்லோரும் செய்யும் பிழை, விளிம்பைக் கண்டதும் நேரே அங்கே ஓடுவது. கம்பியருகே படம் எடுத்துக்கொண்டு நின்று, பூசை மணி கேட்டுத் திரும்பிவந்தால் சன்னிதியில் கூட்டம் நெருக்கும். தாமதித்தால் மதியப் பூசை முடிந்து நடை சாத்திவிடுவார்கள். பாறைக்குக் கதவு கிடையாது, கோயிலுக்கு உண்டு. அதனால் ஏழு மணியளவில் வந்து, கும்பிட்டு முடித்துவிட்டு விளிம்புக்குப் போங்கள். அந்த நேரம் பூசைக் கூட்டமும் கலைந்திருக்கும், தரையும் சுடாது. பதினொரு மணிக்கு மேல் அதே தரையில் குதித்துக் குதித்துத்தான் நடக்க முடியும்.

கருவறைக்குள் படம் எடுக்கக் கூடாது. கடவுள் நம்பிக்கை இல்லாதவரும் வரலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் வளாகத்தைச் சுற்றுலாத்தலமாக மட்டும் நடத்தினால் கோபம் வரும், அது நியாயமும்கூட.

6. வெட்டைப் பார்க்கும் முறை

இராவணன் சிலையருகே, தடுப்புக் கம்பிக்கு அப்பால் பாறை இரண்டாகப் பிளந்து நேரே கடலுக்கு இறங்குகிறது. கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டருக்கும் மேலே நிற்கிறீர்கள்.

முதலில் கண்ணால் அல்ல, காதால். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓர் அலையைத் தெரிவு செய்து கவனியுங்கள். அது பிளவின் அடியில் நுழையும், வெண்ணுரை சிதறும், அதற்குப் பிறகுதான் "தொம்" என்ற ஓசை மேலே வந்துசேரும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள அந்தச் சிறு இடைவெளிதான் உயரத்தை உங்களுக்குச் சொல்கிறது. எந்தப் படத்திலும் அது விழாது. வாடைக்காலத்தில் அந்த ஓசை பாறை வழியே உள்ளங்காலுக்கே வரும்.

அப்புறம் பிளவின் இரு பக்கச் சுவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஏதோ ஒன்றால் ஒரே வீச்சில் வெட்டினது மாதிரி நேராக இறங்குகிற சுவர்கள். வாள் கதை ஏன் இங்கே வேர் பிடித்தது என்பது அப்போது தானாகப் புரியும்.

புவியியல் சொல்வதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு அதனால் நட்டமில்லை. இது மிகப் பழைய உருமாறிய பாறை, குவார்ட்சைட் வகை, மிகக் கடினமானது. இத்தகைய பாறை கரைந்து உருண்டு போவதைவிட, நேர்கோட்டு விரிசல்கள் வழியே உடைவதுதான் அதிகம். அப்படியொரு விரிசலுக்குள் அலை புகுந்து, காற்றை அழுத்தி, தளர்ந்த துண்டுகளைப் பெயர்த்து எடுத்துக்கொண்டே இருந்தால் விரிசல் அகன்று பிளவாகிவிடும். சுற்றிலும் பாறை கெட்டியாக நிற்பதால் சுவர்கள் செங்குத்தாகவே மிஞ்சுகின்றன.

வற்றுப்பெருக்கு நேரம் பார்த்து வர வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். இலங்கைக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவு, வெட்டின் தோற்றம் அதனால் மாறாது. மாற்றுவது அலைதான்.

செய்யக் கூடாதவை இரண்டு. கம்பியைத் தாண்டாதீர்கள். பாறை விளிம்பில் சட்டென்று சுழன்றடிக்கும் காற்றை நம்ப முடியாது, மழைக்குப் பின் வெறுங்காலுக்கும் வழுக்கும். பிளவுக்குள் கல்லெறிந்து ஆழம் பார்க்காதீர்கள். கீழே படகிலும் ஆட்கள் இருப்பார்கள், நீருக்கடியில் மூழ்குநர்களும் இருப்பார்கள்.

அருகில் மரத்தில் சின்னச் சின்ன மரத்தொட்டில்கள் தொங்கும். பிள்ளை வரம் வேண்டி நேர்ந்து கட்டியவை. தொட்டுப் பார்ப்பது, ஆட்டிவிட்டுப் படம் பிடிப்பது எல்லாம் வேண்டாம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

மார்ச் முதல் ஓகஸ்ட் வரை வந்தால் புறப்படுமுன் பத்து நிமிடம் தொடுவானத்தைப் பாருங்கள். இங்கே கரைக்கு மிக அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆழமாக இறங்குவதால் நீலத்திமிங்கிலங்கள் இந்தப் பக்கம் வரும். நீர்ப்பரப்பில் புகை மாதிரி ஒன்று எழும்பி மறைந்தால் அதுவாக இருக்கலாம். தொலைநோக்கி கொண்டுவரச் சொன்னது இதற்காகத்தான். கிடைத்தால் அதிர்ஷ்டம், கிடைக்காவிட்டால் மனம் சோர வேண்டாம்.

7. பிரான்சினாவின் தூண்

மலையில் ஒரு தூணும் அதற்கொரு கதையும் உண்டு. பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கைவிட்டுக் கப்பலேறியதைப் பார்த்து 1687இல் இங்கிருந்து குதித்தாள் என்பார்கள். அவள் அதன் பிறகும் வாழ்ந்தாள் என்று மறுப்பவர்களும் உண்டு. ஒரே பாறைக்கு இரண்டு இனத்தாரின் கதைகள் என்ற அளவில் கேட்டுக்கொள்ளலாம். இராவணன் கதையோடு இதைச் சேர்த்துக் குழப்பும் வழிகாட்டிகள் இருக்கிறார்கள், இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

8. கடலிலிருந்து பார்த்தல்

நேரம் கிடைத்தால், கடலும் விட்டால், இதைத் தவறவிடாதீர்கள். மேலே வாய் மட்டும் தெரிந்த பிளவு, கீழிருந்து பார்த்தால் பாறையின் முகத்தில் மேலிருந்து அடிவரை ஓடும் கறுத்த கோடு. அதன் உச்சியில் கோயில்.

உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் படகு பேசலாம். மலையின் கடல்முகம் கிழக்குப் பக்கம், ஆகவே காலை வெளிச்சம் பாறையில் நேரே விழும். மாலையில் போனால் முழுக்க நிழல். மதியம் நெருங்கக் காற்றும் கிளம்பும். ஒரே காலையில் கோயிலையும் படகையும் நிதானமாக முடிக்க முடியாது என்பதால் படகை மறுநாள் விடியலுக்கு வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. நாள் இல்லையென்றால், கோயிலை எட்டரைக்குள் முடித்துவிட்டு நேரே கரைக்குப் போகலாம், அவசரம் தெரியும்.

கரையை விடுமுன் மூன்றைப் பேசித் தீருங்கள்: மொத்தக் கூலி எவ்வளவு (தலைக்கா, படகுக்கா), எத்தனை நேரம், உயிர்காப்பு அங்கி இருக்கிறதா. "வெட்டுக்குள்ளேயே விடுறேன்" என்று படகோட்டி ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். பிளவின் வாயில் உள்ளே போகும் அலையும் மோதித் திரும்பும் அலையும் சந்திக்கும், படகு கட்டுக்குள் நிற்காது. எட்ட நின்று பார்த்தால்தான் முழு உயரமும் கண்ணுக்குள் வரும்.

மூழ்கத் தெரிந்தவர்களுக்கு: மலையடிக் கடலில் பழைய கோயிலின் தூண்களும் செதுக்குக் கற்களும் கிடக்கின்றன. மூழ்குநர் மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1956இல் மூழ்கி ஆராய்ந்த இடம் இது. பதிவுபெற்ற மூழ்கு நிலையத்தோடு மட்டும் போங்கள், ஒரு துண்டுக் கல்லைக்கூட எடுக்காதீர்கள்.

9. கன்னியாவைக் கடைசிக்கு வைத்தல்

அனுராதபுரம் வீதியில் 8 கிலோமீட்டர் போனால் கன்னியா. அந்த வழியாக நகரத்துக்குள் வரும் வான்கள் எல்லாம், வழியில் இருக்கிறதே என்று முதலில் இங்கேதான் நிறுத்துகின்றன. அது இரண்டு விதத்தில் தவறு. கதையின் முடிவை முதலில் பார்த்துவிடுகிறீர்கள், தாய் யார், ஏன் ஏழு ஊற்று என்று ஒன்றும் விளங்காது. அதோடு, குளித்து ஈரத்தலையும் ஈரத்துணியுமாகக் கோயிலுக்கு ஓட வேண்டிவரும்.

மலையில் இறங்கி, மதியம் சாப்பிட்டு ஓய்ந்து, வெயில் சாய்ந்த பிறகு போங்கள். உச்சி வெயிலில் வெந்நீரை மொண்டு ஊற்றிக்கொள்வதில் என்ன சுகம்?

ஏழும் கட்டிய சிறு கிணறுகள், இறங்கிக் குளிப்பதற்கில்லை. வாளியால் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு அளவு என்பதால், முதலில் விரலை வைத்துப் பார்த்து, குறைந்த சூட்டில் தொடங்கி ஏறிக்கொண்டே போங்கள். மிகச் சூடானதை முதலில் ஊற்றிக்கொண்டால் மற்ற ஆறும் பச்சைத்தண்ணீராகத்தான் தெரியும். சவர்க்காரம் போடாதீர்கள். எரிமலை எதுவும் இங்கே கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி மேலே வருகிறது.

இறந்தவர்களுக்குக் கிரியை செய்ய வரும் குடும்பங்களை இங்கே காணலாம். இராவணன் தாய்க்குச் செய்த அதே இடம் என்ற நம்பிக்கை இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அவர்கள் இருக்கும் பக்கம் சிரித்துக் கூத்தடிக்காமல், கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை மற்றக் கிணற்றடியில் காத்திருங்கள். அந்த இடத்தின் உரிமை குறித்துத் தமிழருக்கும் மற்றத் தரப்புகளுக்கும் தீராத மனத்தாங்கல் உண்டு. அங்கே நின்று அந்தப் பேச்சைக் கிளப்ப வேண்டாம்.

10. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால்

காலை ஆறரைக்குக் கோட்டை வாசல், ஏழுக்குச் சன்னிதி, எட்டு முதல் ஒன்பதரைவரை வெட்டு. மதியம் ஓய்வு, நாலு மணிக்குக் கன்னியா. படகைக் கழித்துவிடுங்கள், வெட்டின் நேரத்தைக் குறைக்காதீர்கள். முதியவர்களோ குழந்தைகளோ கூட வந்தால் ஏற்றத்தை மட்டும் அவர்கள் ஓட்டோவில் முடிக்கட்டும். இறங்கும்போது எல்லோரும் சேர்ந்து நடந்து வந்து வாசல் கல்லைப் பார்த்துக்கொள்ளலாம். ஓட்டோக்காரரிடம் காத்திருப்புக்கும் சேர்த்தே கூலியைப் பேசிவிடுங்கள், கன்னியாவில் மாலை நேரத்தில் திரும்பிவர வாகனம் தேடி வீதியோரம் நிற்க நேராது.